காடு போல் நிற்கும் தோட்டம்: ஹெலிகனில் நாம் காண்பது யாருடைய உழைப்பு?

1. கேள்வி

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள கார்ன்வாலில், மெவகிஸ்ஸி என்ற மீன்பிடி ஊருக்கு அருகே மேட்டுநிலத்தில் ஹெலிகன் எஸ்டேட் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டு முதல் அது ட்ரெமெய்ன் குடும்பத்தின் சொத்து. மேல்பகுதியில் ஃப்ளோராஸ் கிரீன் என்னும் புல்வெளியைச் சுற்றி நூறாண்டைக் கடந்த ரோடோடென்ட்ரான் மரங்கள் நிற்கின்றன. நிலம் தெற்கே இறங்கும் செங்குத்தான பள்ளத்தாக்குக்கு இன்று ‘ஜங்கிள்’ என்று பெயர். அங்கே குளங்களின் கரையோரம் ஆஸ்திரேலிய மரப்பெரணிகளும் மூங்கில்களும் அடர்ந்திருக்கின்றன. ஏப்ரல் மாதத்தில் வருகிறவர்கள் தலைக்கு மேலே எங்கோ பூத்து, தடமெங்கும் உதிர்ந்து கிடக்கும் சிவப்பு இதழ்களை மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். செடிகளுக்கு வரிசை கிடையாது, பாத்திகள் கிடையாது, வெட்டிச் சீராக்கிய வேலிகளும் இந்தப் பகுதியில் கண்ணில் படுவதில்லை. தோட்டத்துக்கு வந்தோமா, காட்டுக்கு வந்தோமா என்ற மயக்கம் இயல்பாகவே எழுகிறது.

அந்த மயக்கமே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். வரலாற்றுச் சிறப்புள்ள வனத்தோட்டம் ஒன்றைப் பார்க்கச் செல்பவர் அங்கே எதைக் காண்கிறார்? இயற்கையையா, வரலாற்றையா, மனித உழைப்பையா? மூன்றும் கலந்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், அந்தக் கலவையில் உழைப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாதபடி வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், அப்படி மறைத்து வைத்ததே இந்தத் தோட்ட வடிவத்தின் அழகியல் அடிப்படை என்பதும் என் வாதம். மறைந்த உழைப்பைக் காண இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உழைப்பு நின்றுபோனபோது தோட்டத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பது. மற்றொன்று, செடி வந்த வழியே அதன் ஊற்றுக்குத் திரும்பிச் செல்வது. ஹெலிகன் இரண்டுக்கும் இடம் தருகிறது என்பதால்தான் அதைத் தேர்ந்துகொண்டேன்.

2. வனத்தோட்டம் என்னும் வடிவம்

ஆங்கிலேயத் தோட்டக்கலை வரலாற்றை எழுதியவர்கள் வனத்தோட்டத்தின் கருத்தியலை வில்லியம் ராபின்சனிடமிருந்து தொடங்குவது வழக்கம். அயர்லாந்தில் பிறந்த ராபின்சன் 1870-இல் ‘தி வைல்ட் கார்டன்’ என்ற நூலை வெளியிட்டார். கண்ணாடிக் குடில்களில் வளர்த்த நாற்றுகளை ஆண்டுதோறும் பாத்திகளில் நட்டு, பருவம் முடிந்ததும் பிடுங்கி எறியும் விக்டோரியக் கால முறையை அவர் கடுமையாக எதிர்த்தார். குளிரைத் தாங்கும் அயல்நாட்டுச் செடிகளை அவற்றுக்கு ஏற்ற இடத்தில் நட்டுவிட்டால், மேற்கொண்டு பராமரிப்பு இல்லாமலே அவை வேரூன்றிப் பெருகும் என்பது அவர் கொள்கை. மரநிழல், ஓடைக்கரை, வேலியோரம் என்று தோட்டக்காரர் தொடாத இடங்களெல்லாம் அவர் கண்ணில் தோட்டமாயின.

இந்தக் கொள்கையின் முக்கியத்துவத்தை மறுக்க முடியாது. ஆனால், ‘மேற்கொண்டு பராமரிப்பு இல்லாமல்’ என்ற பகுதியை ராபின்சனின் சொந்த நிலத்தோடு வைத்துச் சோதிக்க வேண்டும். எழுத்திலும் பத்திரிகையிலும் ஈட்டிய பணத்தில் 1880-களில் அவர் சஸெக்ஸில் கிரேவ்டை மேனர் என்ற எஸ்டேட்டை வாங்கினார். அங்கே நடந்த வேலைகளை ஆண்டுவாரியாகத் தொகுத்து 1911-இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஒரு பழைய மாளிகையைச் சுற்றி இருபது ஆண்டுகள் நடந்த வேலை என்பதே அந்நூலின் துணைத்தலைப்பு. மரம் நட்டது, வேலி அகற்றியது, கிழங்குகளை ஆயிரக்கணக்கில் புதைத்தது என்று வேலைக்கு மேல் வேலையாக விரிகிறது அந்தப் பதிவு. பராமரிப்பு தேவையில்லாத தோட்டம் என்ற கருத்தை முன்வைத்தவரின் கையாலேயே அதற்கு மறுப்பும் எழுதப்பட்டிருக்கிறது. இதை முரண்பாடு என்று ராபின்சனைக் குற்றம் சாட்டுவதைவிட, அந்த வடிவத்தின் இயல்பே இப்படித்தான் என்று புரிந்துகொள்வது பயனுள்ளது. உழைப்பு இல்லாமல் வனத்தோட்டம் இல்லை. உழைப்பு தெரிந்தாலும் அது வனத்தோட்டம் இல்லை.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1973-இல் வெளியிட்ட ‘தி கன்ட்ரி அண்ட் தி சிட்டி’ நூல் இங்கே துணைக்கு வருகிறது. உழைக்கும் நிலத்தைக் காணத்தக்க நிலக்காட்சியாக மாற்ற, உழைப்பவரைக் காட்சியிலிருந்து அகற்ற வேண்டியிருந்தது என்று அவர் வாதிட்டார். அவர் முதன்மையாகப் பேசியது பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும் பூங்காக்களைப் பற்றி. மாளிகைச் சன்னலிலிருந்து பார்த்தால் ஏரும் உழவனும் தெரியாதபடி மேடும் குளமும் அமைத்த காலம் அது. வனத்தோட்டத்தில் இதே செயல் இன்னும் நுட்பமாக நடக்கிறது. பூங்காவில் தொழிலாளி தொலைவுக்கு நகர்த்தப்பட்டார். வனத்தோட்டத்திலோ அவர் நிற்கும் இடத்திலேயே அவருடைய வேலை இயற்கையின் பெயரில் எழுதப்பட்டுவிடுகிறது.

அந்த வேலை என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ரோடோடென்ட்ரானுக்கு அமில மண் வேண்டும், சுண்ணாம்பு ஆகாது. அதன் வேர்கள் மண்ணுக்குள் ஆழமாக இறங்காமல், மேல்மட்டத்திலேயே மெல்லிய இழைகளாகப் பின்னிப் படர்பவை. ஆகவே அடியில் கொத்தக் கூடாது. கோடையில் காயவிடக் கூடாது. ஆண்டுதோறும் இலைமக்கைப் பரப்பி மூட வேண்டும். மேலே ஓக், பீச் மரங்களின் விதானம் அடர்ந்துபோனால் பூ குறையும். அளவுக்கு மிஞ்சித் திறந்தால் இலை கருகும். எந்தக் கிளையை எந்த ஆண்டில் இறக்குவது என்ற முடிவு அனுபவத்தில் வருவது. எல்லாவற்றுக்கும் முதலில், கடற்காற்றைத் தடுக்கக் காற்றுத்தடுப்பு மரவரிசை எழ வேண்டும். அது வளர ஒரு தலைமுறை ஆகும். பெரிய இலையுள்ள இனங்கள் விதையிலிருந்து முளைத்து முதற்பூ பூக்கப் பத்து, இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். விதைத்தவர் பூவைக் காண்பார் என்ற உறுதி கிடையாது. இப்படிப்பட்ட வேலையை ஆணையிட்டவரின் ‘ரசனை’ என்று மட்டும் எழுதிவைப்பது வரலாற்றுப் பிழை என்றே கருதுகிறேன்.

3. சிக்கிம் மலையிலிருந்து

ஃப்ளோராஸ் கிரீனைச் சூழ்ந்த பழைய மரங்களை ஹெலிகனின் மரபு ஜோசஃப் டால்டன் ஹூக்கரோடு இணைக்கிறது. கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கரின் மகன் ஜோசஃப். 1847 இறுதியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, 1848-இல் டார்ஜிலிங் அடைந்தார். அடுத்த ஈராண்டுகளில் கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் சேகரித்த ரோடோடென்ட்ரான்களைப் பற்றிய நூல், ஹூக்கர் இன்னும் இமயமலையில் இருக்கும்போதே வெளிவரத் தொடங்கியது. 1849 முதல் 1851 வரை வந்த அந்நூலை அவர் தந்தை பதிப்பித்தார். வால்டர் ஹூட் ஃபிட்ச் வரைந்த கற்பதிப்புப் படங்கள் அதற்குப் புகழ் சேர்த்தன. ஜோசஃப் அனுப்பிய விதைகள் கியூவில் முளைத்து, கியூவிலிருந்து எஸ்டேட்டுகளுக்குப் பிரிந்தன. கார்ன்வாலின் குளிர் மிகாத, மழை மிகுந்த பள்ளத்தாக்குகள் அவற்றுக்கு நன்கு ஒத்துவந்தன.

‘ஹூக்கர் மரம்’ என்று ஒரு தோட்டம் சொல்லும்போது அது எவ்வகைச் சான்றின் மேல் நிற்கிறது என்று கேட்பது ஆய்வாளர் கடமை. விதை வந்ததைக் குறிக்கும் பட்டியல் ஒன்று. எஸ்டேட் கணக்குப் புத்தகம் இன்னொன்று. குடும்ப மரபுச் செய்தி மூன்றாவது. மரத்தின் உடலே நான்காவது. பழைய ரோடோடென்ட்ரான்களின் தாழ்ந்த கிளைகள் மண்ணைத் தொட்டு வேர்விட்டுப் புதிய மரமாகிவிடுவதால், அடிமரத்தின் பருமனை வைத்து வயதைக் கணக்கிடுவதும் எளிதல்ல. மரபுச் செய்தியை ஆவணமாக நடத்தக் கூடாது. அதற்காக அதைப் புறந்தள்ளவும் தேவையில்லை. சிக்கிம் இனங்கள் இந்த மண்ணில் ஒன்றரை நூற்றாண்டாக வளர்ந்து வந்திருக்கின்றன என்ற பெரிய உண்மையை அந்த மரபு பிடித்து வைத்திருக்கிறது.

விதைகள் எப்படிச் சேகரிக்கப்பட்டன என்பது இன்னும் முக்கியமான கேள்வி. ஹூக்கர் 1854-இல் வெளியிட்ட ‘ஹிமாலயன் ஜர்னல்ஸ்’ இதற்கு மறைவின்றி விடை தருகிறது. 1848 இறுதியில் கிழக்கு நேபாளப் பயணத்துக்கு அவர் புறப்பட்டபோது குழுவில் இருந்தவர்கள் 56 பேர். சுமை தூக்குபவர்கள், காவலர்கள், செடி உலர்த்தும் தாள்களைச் சுமப்பவர்கள், மரம் ஏறிப் பூவும் காயும் பறித்து, ஈரத் தாள்களை மாற்றும் லெப்சா இன இளைஞர்கள் என்று அவரே வகை பிரித்துச் சொல்கிறார். உயரமான மரங்களிலும், பிற மரங்களின் மேல் தொற்றி வளரும் ரோடோடென்ட்ரான்களிலும் இருந்து விதை இறங்கி வந்தது அந்த இளைஞர்களின் கைவழியாகத்தான். ‘ஹூக்கர் சேகரித்தார்’ என்ற இரண்டு சொற்களுக்குள் இத்தனை பேர் அடங்கியிருக்கிறார்கள்.

அந்த இனங்களுக்கு இடப்பட்ட பெயர்களைப் பாருங்கள். டல்ஹௌசியே, தலைமை ஆளுநரின் மனைவிக்காக. ஹாட்ஜ்சோனி, டார்ஜிலிங்கில் ஹூக்கருக்குத் தங்க வீடு தந்த பிரையன் ஹாட்ஜ்சனுக்காக. ஃபால்கனெரி, தாவரவியலாளர் ஹியூ ஃபால்கனருக்காக. தாம்சோனி, நண்பரும் சக ஆய்வாளருமான தாமஸ் தாம்சனுக்காக. அறிவியல் உலகின் நன்றிக்கடன் முறை அது. அதில் வஞ்சகம் தேட வேண்டியதில்லை. ஆனாலும் தோட்டத்துக்கு வருகிறவர் படிக்கும் ஒரே எழுத்து பெரும்பாலும் செடியின் பெயர்ப்பலகைதான். அப்படிப் படித்துக்கொண்டே நடப்பவருக்கு ஒரு சமூக வட்டத்தின் விருந்தினர் பட்டியல்தான் மிஞ்சுகிறது.

ஹாட்ஜ்சோனி மரத்தின் அருகே சற்று நேரம் நிற்பது தகும். பட்டை மெல்லிய சுருள்களாக உரிந்து, அடியில் வழவழப்பான இளஞ்சிவப்புத் தண்டு தெரியும். நீண்டு தடித்த இலை. அடிப்பக்கத்தில் மெல்லிய ரோமப் படலம். சிக்கிம் மலைகளின் பூட்டியா மக்கள் இதன் மரத்தில் கிண்ணமும் கரண்டியும் யாக் மாட்டுக்கான சேணமும் செய்ததையும், இலையை உண்கலமாகப் பயன்படுத்தியதையும் ஹூக்கர் எழுதிவைத்தார். அதாவது இந்த மரம் ‘கண்டுபிடிக்கப்படும்’ முன்பே ஒரு சமையற்கட்டின் பகுதியாக இருந்தது. கார்ன்வாலுக்கு வந்து சேர்ந்தபோது பூவும் இலையும் மட்டும் வந்தன. மரத்தை அறிந்திருந்த வாழ்க்கை வரவில்லை.

அரசியலும் இதில் கலந்திருக்கிறது. டார்ஜிலிங்கே 1835-இல்தான் சிக்கிம் மன்னரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1849 நவம்பரில் ஹூக்கரையும் டார்ஜிலிங்கின் கண்காணிப்பாளர் ஆர்ச்சிபால்ட் கேம்பலையும் சிக்கிம் திவானின் ஆட்கள் சிறைப்பிடித்தார்கள். டிசம்பர் இறுதியில் விடுவித்தார்கள். இதைக் காரணமாகக் காட்டி, கம்பெனி அரசு சிக்கிம் மன்னருக்கு அளித்துவந்த ஆண்டுத் தொகையை நிறுத்தி, 1850-இல் சிக்கிமின் தராய்ப் பகுதியையும் அடிவார மலைநிலத்தையும் தன்னோடு இணைத்துக்கொண்டது. தாவரச் சேகரிப்புக்காகவே நாடு பிடித்தார்கள் என்று சொன்னால் அது மிகை. சேகரிப்புப் பயணமும் எல்லை விரிவும் ஒரே தடத்தில் நடந்தன என்று சொல்வது மிகையல்ல.

தமிழ் வாசகருக்கு இம்மரம் அந்நியமானதும் அல்ல. ரோடோடென்ட்ரான் ஆர்போரியம் என்ற இமயமலை இனத்தின் தென்னிந்திய வகை நீலகிரி, பழனி மலைகளின் சோலை விளிம்புகளிலும் புல்வெளிகளிலும் இன்றும் செந்நிறமாய்ப் பூக்கிறது. காட்டுப்பூவரசு என்ற பெயரும் அதற்கு உண்டு. இலங்கையின் ஹார்ட்டன் சமவெளியில் அதன் இன்னொரு வகை இருக்கிறது. இமயமலை ஆர்போரியத்தின் விதைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டனை அடைந்தன. அங்கே வளர்க்கப்படும் சிவப்புக் கலப்பினங்கள் பலவற்றின் மூதாதை அதுவே. ஹூக்கர் டார்ஜிலிங் சேர்ந்த அதே 1848-இல்தான், கியூவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் உதகை தாவரவியல் பூங்காவை அமைக்க வந்து சேர்ந்தார். ஒரு வலையின் இரு முனைகள் இவை.

4. கைவிடப்பட்ட தோட்டம் தரும் சான்று

முதல் உலகப் போருக்கு முன் ஹெலிகனில் இருபதுக்கும் மேற்பட்ட தோட்டக்காரர்கள் வேலை செய்தார்கள். முலாம்பழக் கொட்டிலை ஒட்டிய சிறு கட்டடத்தில் அவர்களுக்கான கழிப்பறை இருந்தது. அதன் சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் எழுதிய அவர்களுடைய பெயர்கள், 1914 ஆகஸ்ட் என்ற தேதியோடு, எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து, தோட்டம் மீட்கப்பட்டபோது வெளிச்சத்துக்கு வந்தன. போர் மூண்ட மாதம் அது. எழுதியவர்களில் பலர் திரும்பி வரவில்லை. போரின் போது மாளிகை அதிகாரிகளுக்கான மருத்துவமனை ஆயிற்று. பின்னர் உரிமையாளர் ஜாக் ட்ரெமெய்ன் இத்தாலிக்குக் குடிபெயர்ந்தார். மாளிகை வாடகைக்குப் போயிற்று. இரண்டாம் போரில் அமெரிக்கப் படையினர் தங்கினார்கள். 1970-களில் மாளிகை அடுக்ககங்களாகப் பிரித்து விற்கப்பட்டது.

தோட்டக்காரர்கள் போருக்குப் போனார்கள், கதவு மூடியது, தோட்டம் உறங்கிவிட்டது என்ற வடிவில்தான் இந்த வரலாறு பரவலாகச் சொல்லப்படுகிறது. மனத்தைத் தொடும் கதை. அதன் மையம் உண்மையும்கூட. ஆனால் போரை மட்டும் காரணமாக்கினால் வேறு காரணங்கள் மறைந்துவிடும். 1870-களிலிருந்து வேளாண் விலைவீழ்ச்சி எஸ்டேட்டுகளின் குத்தகை வருமானத்தை அரித்துவந்தது. 1894-இல் வந்த மரணவரி, போருக்குப் பின் கடுமையாக உயர்த்தப்பட்டது. தோட்டவேலையைவிடக் கூடுதல் கூலி தரும் வேலைகள் வந்தன. குறைந்த கூலிக்குத் திறமையான இருபது பேரை ஆண்டு முழுவதும் வைத்திருக்க முடிந்த ஒரு பொருளாதாரத்தின் மேல் நின்றது வனத்தோட்டம். போர் அந்தப் பொருளாதாரத்தின் முடிவை விரைவுபடுத்தியது.

உழைப்பு நின்ற பின் என்ன நடந்தது என்பதுதான் என் வாதத்துக்கான வலுவான சான்று. ராபின்சன் கொள்கைப்படி, செடிகள் தாமாகப் பெருகி அழகு கூடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. முட்புதரும் படர்கொடியும் தோட்டத்தை மூடின. சிகமோர், ஆஷ் கன்றுகள் தடங்களிலேயே மரமாயின. லாரல் வேலிகள் சாய்ந்து வேரூன்றிப் புதர்க்காடாயின. ரோடோடென்ட்ரான் பொன்டிகம் என்ற இனத்தின் கதை இதில் தனித்துச் சொல்லத் தக்கது. 1763-இல் பிரிட்டனுக்கு வந்த இந்த இனம் காற்றுத்தடுப்பாகவும் வேட்டைப் பறவைகளுக்கு மறைவிடமாகவும் நாடெங்கும் நடப்பட்டது. இன்று அங்கே காடுபட்டுக் கிடப்பவை பெரும்பாலும் ஸ்பெயின் நாட்டு வழிவந்தவை என்று 2000-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. பொன்டிகத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது: விலையுயர்ந்த கலப்பினங்களை அதன் வேர்ச்செடியின் மேல்தான் ஒட்டுக் கட்டினார்கள். நம் ஊர் மாந்தோப்பில் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரைக் கிள்ளாமல் விட்டால் நாளடைவில் நாட்டு மாமரமே மிஞ்சும் அல்லவா, அதேதான் அங்கும் நடந்தது. தோட்டக்காரர் கை நின்ற இடங்களில் வேர்ச்செடி மேலெழுந்து, ஒட்டை அமுக்கிக் கொன்று, ஊதா நிறப் பூக்களோடு தானே தோட்டமாயிற்று.

கைவிடப்பட்ட எஸ்டேட் தோட்டங்களில் இப்படி ஊதா மட்டும் பூத்திருக்கும் திட்டுகளை ஓர் ஆவணமாகவே படிக்கலாம். இங்கே ஒரு காலத்தில் ஆண்டுதோறும் ஒருவர் குனிந்து தளிர் கிள்ளினார். பிறகு எவரும் கிள்ளவில்லை. நீலகிரியில் எரிபொருளுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று நட்ட வாட்டில் மரங்கள் கட்டுமீறிப் புல்வெளிகளைத் தின்ற வரலாற்றை அறிந்தவர்களுக்கு, தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி அயல்மரத்தை நிலத்தில் விடுவதன் விளைவை விளக்க வேண்டியதில்லை.

பொன்டிகத்தோடு நோயும் சேர்ந்துகொண்டது. பைட்டோப்தோரா ரமோரம் என்ற நோய்க்கிருமி பிரிட்டனில் முதன்முதலாக 2002-இல் கண்டறியப்பட்டது. 2009-இல் தென்மேற்கு இங்கிலாந்தின் லார்ச் மரங்களுக்கும் தாவியது. பொன்டிகத்தின் இலைகளில் அது பெருமளவு வித்துகளைப் பெருக்கிப் பரப்புகிறது. எனவே நோயைத் தடுக்கப் பொன்டிகத்தை வெட்ட வேண்டும். வெட்டினால் பழைய மரங்கள் கடற்காற்றுக்கு வெளிப்பட்டு நிற்கும். இன்றைய கார்ன்வால் தோட்டக்காரர்கள் எடுக்கும் கடினமான முடிவுகளில் இதுவும் ஒன்று. பழைய மரத்தின் துளிரிலிருந்து ஆய்வகத்தில் நுண்பெருக்க முறையில் கன்றுகள் உண்டாக்கி வைப்பது இப்போதைய காப்பு வழி.

5. மீட்பா, மறுபடைப்பா?

1990-இல் ட்ரெமெய்ன் வழிவந்த ஒருவர் எஸ்டேட்டின் உரிமையைப் பெற்றிருந்தபோது, டிம் ஸ்மிட்டும் கட்டடத் தொழிலில் இருந்த ஜான் நெல்சனும் புதருக்குள் வழி வெட்டி நுழைந்தார்கள். 1992-இல் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. போருக்கு முந்தைய கால முறைகளையே மீண்டும் கையாள்வது என்பது அவர்கள் எடுத்த முக்கிய முடிவு. குதிரைச் சாணம் புளித்து எழும் வெப்பத்தில் அன்னாசி விளைவிக்கும் குழியைக்கூட மறுபடி இயக்கினார்கள். மாளிகைக்காரரின் வாழ்க்கையை விட்டுத் தோட்டக்காரரின் வேலையைக் காட்சியின் நடுவில் வைத்தது, எஸ்டேட் தோட்டங்களைக் காட்டும் முறையில் அன்று புதிது. அம்முடிவை நான் மனமார மதிக்கிறேன்.

ஆனால் கோட்பாட்டு நிலையில் ஒரு சிக்கல் உள்ளது. 1981-இல் உருவாகி 1982-இல் பதிவான ஃப்ளாரன்ஸ் சாசனம், வரலாற்றுத் தோட்டத்தை உயிருள்ள நினைவுச்சின்னம் என்கிறது. தோட்டத்தின் அடுத்தடுத்த வளர்ச்சிக் கட்டங்கள் எல்லாவற்றையும் மதிக்க வேண்டும், ஒரு காலத்தை மட்டும் உயர்த்தலாகாது என்கிறது. ஊகச் சான்று மட்டுமே இருக்கும் இடத்தில் கட்டியெழுப்பியதை வரலாற்றுத் தோட்டமாகக் கொள்ள முடியாது என்றும் சொல்கிறது. ஹெலிகன் 1914-க்கு முந்தைய கணத்தைத் தேர்ந்து, பின்வந்த எழுபது ஆண்டுகளின் வளர்ச்சியை வெட்டி நீக்கியது. கைவிடப்பட்ட காலமும் தோட்டத்தின் வரலாறுதானே என்று சாசனத்தின் வழிநின்று கேட்கலாம்.

அந்தக் கேள்விக்கு என் விடை இது: சாசனம் தோட்டத்தை முதன்மையாக ஓர் அமைப்பாக, செடிகளும் கற்களும் நீரும் சேர்ந்த வடிவமாகப் பார்க்கிறது. வனத்தோட்டத்தில் வடிவத்தைவிடத் தொடர்ந்து செய்யப்படும் வேலையே பழமையைத் தாங்குகிறது. மரம் சாகும், அதன் பதியனோ ஒட்டோ நிற்கும். இலைமக்கு ஆண்டுதோறும் மாறும். பரப்பும் கை மாறாது. ஆகவே வேலைமுறையை மீட்டது தோட்டத்தை மீட்டதற்கு ஒப்பாகும். இந்த அளவுகோலில் ஹெலிகன் நிற்கிறது. அதே அளவுகோலில் வனப்பாதையில் மண்ணாலும் செடியாலும் ஆன ‘மட் மெய்ட்’ என்னும் படுத்துறங்கும் பெண்ணுருவம் வேறு வகையைச் சேர்ந்தது. அது 1990-களில் சூ ஹில், பீட் ஹில் என்ற உடன்பிறந்த கலைஞர்கள் இருவர் செய்த புதிய படைப்பு. அழகியது, பாசியும் புல்லும் பருவத்துக்கேற்ப அதன் மேனியில் மாறுகின்றன. வருகிறவர்கள் மிகுதியாகப் படமெடுப்பதும் அதையே. அதை ஹெலிகனின் தொன்மையாக எண்ணி வீடு திரும்புகிறவர்கள், சிறிது தூரத்தில் நிற்கும் உண்மையான பழமையைக் கடந்து போய்விட்டார்கள் என்பதே என் வருத்தம்.

6. நினைவு நின்றுவிடும் இடம்

2013-இல் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அந்தக் கையெழுத்துச் சுவரை வாழும் நினைவுச்சின்னமாக ஏற்றது. பெயரற்ற தொழிலாளருக்கு ஓர் எஸ்டேட் செய்த மரியாதைகளில் இது உயர்ந்தது. ஆனால் அந்த நினைவு தோட்டத்தின் மதிற்சுவரோடு நின்றுவிடுகிறது. மதிலுக்குள் தளிர் கிள்ளியவருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மதிலுக்கு வெளியே, ஐயாயிரம் மைலுக்கு அப்பால், விதைக்காக மரம் ஏறியவருக்குக் கிடைக்கவில்லை. இருவரும் ஒரே உழைப்புத் தொடரின் இரு கண்ணிகள்.

இந்தத் திசையில் ஆய்வு வேறிடங்களில் முன்னேறியிருக்கிறது. ஹெலிகனுக்கு அண்மையிலுள்ள கேர்ஹேஸ் எஸ்டேட்டின் ஜே. சி. வில்லியம்ஸ் பணம் தந்து ஊக்குவித்த ஜார்ஜ் ஃபாரஸ்ட், 1904 முதல் 1932-இல் இறக்கும்வரை சீனத்தின் யுன்னானில் சேகரித்தார். அவருடைய சேகரிப்பின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் நாசி இன மக்கள். அவர்களின் தலைவர் ஜாவ் செங்ஜாங். எரிக் முக்லர் 2011-இல் வெளியிட்ட ‘தி பேப்பர் ரோடு’ நூல் இந்த நாசிச் சேகரிப்பாளர்களைக் கூலியாட்களாக அல்லாமல், தங்கள் நிலவியல் அறிவோடும் சடங்கு மரபோடும் மலைகளை வாசித்த ஆய்வாளர்களாகக் காட்டியது. அந்த வாதத்தை அப்படியே எடுத்து லெப்சாக்களுக்குப் பொருத்த முடியாது. நாசிகளிடம் படவெழுத்தில் எழுதிய சடங்குச் சுவடிகள் இருந்தன. முக்லரின் வாசிப்பு அவற்றைத் துணைக்கொண்டது. லெப்சாக்களைப் பொறுத்தவரை நாம் நம்ப வேண்டியிருப்பது பெரும்பாலும் ஹூக்கரின் எழுத்தை. அதைக் கவனத்தோடு எதிர்த்தும் வாசிக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் 2020-இல் தன் மாளிகைகளின் காலனியத் தொடர்புகளை அறிக்கையாக வெளியிட்டபோது எழுந்த சர்ச்சை, சொத்தின் பணம் எங்கிருந்து வந்தது என்பதையே சுற்றிவந்தது. கார்ன்வாலின் ட்ரெங்வைன்டன் வனத்தோட்டத்துக்கு ஜமைக்காவின் கரும்புத் தோட்ட அடிமை உழைப்பில் விளைந்த பணம் அடித்தளமிட்டது என்பது போன்ற உண்மைகள் சொல்லப்பட வேண்டியவையே. பணத்தின் ஊற்றைக் கேட்டவர்கள் செடியின் ஊற்றையும் அதே அழுத்தத்தோடு கேட்க வேண்டும்.

செடியின் ஊற்றைக் கேட்பவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. 1849 பயணத்தில் சிக்கிம் மன்னர் வழிகாட்டியாக அனுப்பிய லெப்சாவின் பெயர் மீபோ. சுமையாட்களின் தலைவராக இருந்த பூட்டியாவின் பெயர் நிம்போ. ஹூக்கர் இருவரையும் பெயர் சொல்லி, அன்போடு தம் நூலில் எழுதியிருக்கிறார். அப்பெயர்கள் 1854 முதல் அச்சில் உள்ளன. ஃப்ளோராஸ் கிரீனில் ஒரு பலகையில் அவற்றைச் சேர்க்கப் புதிய அகழ்வோ அரிய ஆவணமோ தேவையில்லை. ஹாட்ஜ்சோனியின் பெயருக்குக் கீழே, கிண்ணமும் சேணமும் செய்த மரம், மீபோவும் நிம்போவும் உடன்வந்த பயணத்தின் வழியே அறியப்பட்டது என்று இரண்டு வரி எழுத முடியும். கியூவின் ஹூக்கர் கடிதங்களையும் எஸ்டேட்டுகளின் கணக்குப் புத்தகங்களையும் ஒருசேர வைத்து, விதைப் பொட்டலங்கள் ஒவ்வொன்றும் எந்த மலைச்சரிவிலிருந்து, யார் கையால் எந்தத் தோட்டத்துக்கு வந்தன என்று தொடர்ந்து செல்லும் வேலையில் சிக்கிமின் லெப்சா ஆய்வாளர்களும் கார்ன்வாலின் தோட்டக்காரர்களும் ஒன்றாக அமர வேண்டும். ரோடோடென்ட்ரானை இருபுறமும் கையால் தொட்டு அறிந்தவர்கள் அவர்கள்தான்.